கேம்பிள் ஹவுஸ், பசடேனா: மரத்தை மரமாகவே விட்ட வீடு

லாஸ் ஏஞ்சல்ஸ் பக்கம் வருகிற நம் ஆட்கள் பெரும்பாலும் டிஸ்னிலேண்ட், யுனிவர்சல் ஸ்டுடியோ, மாலிபு கோயில் என்று சுற்றிவிட்டு ஊருக்குத் திரும்பிவிடுகிறார்கள். ஆனால் மரவேலையிலோ பழைய கட்டடங்களிலோ கையால் செய்த பொருளிலோ உங்களுக்குக் கொஞ்சமாவது ஆசை இருந்தால், அரை நாள் ஒதுக்கிப் பசடேனாவில் இருக்கிற கேம்பிள் ஹவுஸுக்குப் போய்விட்டு வாருங்கள். டிக்கெட் எடுத்தால் ஒரு வழிகாட்டி கூடவே வந்து சுமார் ஒரு மணி நேரம் வீட்டைச் சுற்றிக் காட்டுகிறார். அந்தச் சுற்றைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்தேன், ஆனால் வீட்டைப் பற்றிப் பேசாமல் அதைப் பற்றி மட்டும் பேச முடியாது, அதனால் கொஞ்சம் நீளமாகவே போகும்.

பின்னணியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஐவரி சோப் செய்த பிராக்டர் அண்ட் கேம்பிள் கம்பெனி இருக்கிறதே, அந்தக் குடும்பத்தின் இரண்டாம் தலைமுறைக்காரர் டேவிட் கேம்பிள். சின்சினாட்டி குளிரிலிருந்து தப்பித்துக் குளிர்காலத்தைக் கலிஃபோர்னியாவில் கழிக்க அவரும் மனைவி மேரியும் 1908-ல் ஆரம்பித்து 1909-ல் முடித்த வீடு இது. வடிவமைத்தவர்கள் சார்லஸ் கிரீன், ஹென்றி கிரீன் என்ற அண்ணன் தம்பி. கட்டிக் கொடுத்தவர்கள் பீட்டர் ஹால், ஜான் ஹால் என்று இன்னொரு ஜோடிச் சகோதரர்கள், ஸ்வீடனில் பிறந்து இங்கே வந்தவர்கள். கிரீன் சகோதரர்களை எல்லோரும் புகழ்கிறார்கள், ஹால் சகோதரர்கள் பெயர் அவ்வளவாக வெளியே தெரிவதில்லை. காகிதத்தில் போட்ட கோட்டை மயிரிழை பிசகாமல் தேக்கில் இறக்கினது அவர்கள்தான், என்னைக் கேட்டால் இந்த வீட்டின் பெயர் வருகிற இடத்திலெல்லாம் நான்கு பேரையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும்.

கிரீன் சகோதரர்கள் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் (மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகம்) கட்டடக்கலை படித்தது பிற்பாடு. அதற்கு முன்னால் செயின்ட் லூயிஸில் வாஷிங்டன் பல்கலைக்கழகம் நடத்திய கைத்தொழில் பள்ளியில், பாடப் புத்தகத்தோடு தச்சுவேலை, உலோகவேலை எல்லாம் சேர்த்துக் கற்றவர்கள். உளியைக் கையில் பிடித்துப் பார்த்தவன் வரைகிற படமும் பிடிக்காதவன் வரைகிற படமும் வேறுவேறாகத்தான் இருக்கும், இந்த வீட்டில் அது ஒவ்வொரு மூலையிலும் தெரிகிறது. 1893-ல் பசடேனாவில் இருந்த பெற்றோரிடம் வரும் வழியில் சிகாகோ உலகக் கண்காட்சியில் ஜப்பானியர்கள் கட்டிவைத்திருந்த மரக் கட்டடத்தைப் பார்த்ததாகச் சொல்வார்கள். உத்திரத்தை மறைக்காமல் விடுவது, கூரையை வெகுதூரம் வெளியே நீட்டுவது, மரத்தோடு மரத்தைக் கோத்துப் பூட்டுவது, இதெல்லாம் ஜப்பானிய மரவேலையைப் பார்த்து வந்த கண்ணுக்குத்தான் இப்படி வரும்.

இந்த வீடு ஆர்ட்ஸ் அண்ட் கிராஃப்ட்ஸ் என்று பொதுவாகச் சொல்கிற கைவினை இயக்கத்தின் வழியில் வந்தது. அந்த இயக்கம் இங்கிலாந்தில் எழுத்தாளர் ஜான் ரஸ்கின், வடிவமைப்பாளர் வில்லியம் மாரிஸ் போன்றவர்களிடமிருந்து கிளம்பியது. அப்போது தொழிற்சாலைச் சாமான்கள் வீடுகளை நிறைத்துக்கொண்டிருந்தன. மலிவான பைன் மரத்தில் சாயம் பூசி, சீப்பால் கீறி, ஓக் மரத்தின் ரேகை மாதிரி வரைந்து விற்பார்கள். சாந்தை அச்சில் ஊற்றி எடுத்து, கையால் செதுக்கின பூவேலை என்று உத்திரத்தில் ஒட்டுவார்கள். இதற்கு எதிராக இவர்கள் சொன்னது ரொம்ப எளிமையான விஷயம்: ஓக் ஓக்காகத் தெரியட்டும், செங்கல் செங்கலாகத் தெரியட்டும், இரண்டு துண்டு சேர்கிற இடத்தைப் பார்த்தாலே எப்படிச் சேர்த்திருக்கிறார்கள் என்று புரியட்டும். இதைப் படிக்கும்போது நல்ல கொள்கை என்று தலையாட்டிவிட்டுப் போய்விடுவோம். ஒரு வீடு முழுக்க, பூட்டு விளக்கு கம்பளம் வரைக்கும் அதைக் கடைப்பிடித்தால் எப்படி இருக்கும் என்று பார்க்கத்தான் இங்கே வர வேண்டும்.

டிக்கெட் நேரத்துக்கு அரை மணி நேரம் முன்னாலேயே போய்விடுங்கள், வெளிப்புறத்தைப் பார்ப்பதற்கே அவ்வளவு நேரம் வேண்டும். வீட்டின் மேல்தோல் முழுக்கச் செம்மரச் சிம்புகள், நம் ஊர்ச் செம்மரம் இல்லை, கலிஃபோர்னியாவின் ரெட்வுட். பிளந்து எடுத்த பலகைகளை ஓடு மாதிரி ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கி, மங்கின பச்சைச் சாயம் ஏற்றியிருக்கிறார்கள். பெயிண்ட் அடித்திருந்தால் மரத்தின் வரி மூடிப்போயிருக்கும், சாயம் ஊறி உள்ளே இறங்குவதால் வரி அப்படியே நிற்கிறது. வீட்டை ஒட்டின திறந்த திண்ணைகளின் சுவரைக் குனிந்து பாருங்கள். பக்கத்து அரோயோ ஓடையிலிருந்து கொண்டுவந்த உருண்டைப் பாறைகள் கீழே பெரிதாக இருக்கின்றன, மேலே போகப் போகச் சிறுத்து, நடுநடுவே கறுத்து உருகி முறுக்கிக்கொண்ட செங்கற்களோடு கலந்துவிடுகின்றன. சூளையில் நெருப்புக்கு மிக அருகில் மாட்டி அளவுக்கு மீறி வெந்த கற்கள் அவை. எந்தக் கொத்தனாரும் கழித்துப் போடுகிற சரக்கு. இரும்பு மாதிரி உறுதி, ஆனால் ஒன்று போல இன்னொன்று இருக்காது. அதைத் தேடி வாங்கி, கோணலைக் கோணலாகவே விட்டுக் கட்டியிருக்கிறார்கள், சுவர் தரையிலிருந்து தானாகவே முளைத்து வந்த மாதிரி ஆகிவிட்டது.

முன்கதவு கிழக்குப் பார்த்தது. முடிந்தால் காலை நேரச் சுற்றைப் பிடியுங்கள், காரணம் அந்தக் கதவின் கண்ணாடி. பக்கவாட்டுக் கதவுகளையும் சேர்த்து மூன்று கதவு அகலத்துக்குப் பரந்து விரிந்த ஓக் மரத்தின் படம், கண்ணாடிக் கலைஞர் எமில் லாங்கே செய்தது. நிறம் எல்லாம் கண்ணாடிக்குள்ளேயே இருக்கிறது, மேலே தீட்டினது கிடையாது. துண்டுக் கண்ணாடிகளைப் பிடித்துவைக்க ஈயக் கோடு எப்படியும் தேவை அல்லவா, அந்த ஈயக் கோட்டையே கிளையாகவும் சுள்ளியாகவும் ஓடவிட்டிருக்கிறார்கள். அதாவது படத்தைத் தாங்குகிற வேலையைச் செய்கிற பொருளே படமாகவும் ஆகிவிடுகிறது. வெளியே நின்று பார்த்தால் இருட்டாக, ஒன்றுமே இல்லாத மாதிரி இருக்கும். உள்ளே போய்த் திரும்பிப் பார்க்கும்போதுதான் வெயில் இலை இலையாக எரிகிறது. எங்களோடு வந்த கூட்டத்தில் எல்லோரும் ஒரு நிமிடம் பேச்சை நிறுத்திவிட்டார்கள்.

உள்ளே நுழைந்ததும் இடமெல்லாம் தேக்கு. இந்த முன்கூடத்தின் படிக்கட்டைப் பற்றித் தனியாகச் சொல்லியாக வேண்டும். கைப்பிடி வழக்கமாக ஒரே சாய்வில் ஏறும். இங்கே அது படிகளைப் போலவே கொஞ்சம் படுத்து, கொஞ்சம் நிமிர்ந்து, மடிந்து மடிந்து ஏறுகிறது. ஒவ்வொரு மடிப்பிலும் இரண்டு மரத்துண்டு சேர வேண்டும், ஒவ்வொரு சேர்க்கையும் கண்ணுக்கு நேராக இருக்கிறது. பலகைகள் சந்திக்கிற மூலையில் இரு கை விரல்களைக் கோத்துக்கொள்கிற மாதிரி விரல் விரலாக வெட்டிப் பூட்டியிருக்கிறார்கள். சாதாரணமாக அந்த இணைப்பைச் செய்கிற தச்சர், பூட்டினதும் மேல்பரப்பை இழைத்துச் சமன் பண்ணிவிடுவார். இங்கே அப்படிச் செய்யாமல், விரல் நுனிகளைக் காகித கனத்துக்குக் கொஞ்சம் கூடுதலாக வெளியே விட்டு, ஒவ்வொரு நுனியின் நான்கு ஓரத்தையும் மழுக்கி உருட்டியிருக்கிறார்கள். மரத்தின் வெட்டுமுனை பக்கவாட்டைவிடக் கறுப்பாகத் தெரியும், அதனால் கறுப்பும் பொன்னிறமுமாக மாறி மாறி ஒரு ஏணி மூலையில் ஏறுகிறது. அலங்காரம் என்று யாரும் தனியாக ஒன்றும் செதுக்கவில்லை, இணைப்பே அலங்காரமாகிவிட்டது. தேக்கில் மணற்சத்து இருப்பதால் உளி சீக்கிரம் மழுங்கிவிடும், கொஞ்சம் வெட்டிக் கொஞ்சம் தீட்டி என்றுதான் வேலை நடக்கும். இவ்வளவு மூலைகளையும் அப்படித் தீட்டித் தீட்டி வெட்டியிருப்பார்கள் என்று நினைக்கும்போது எனக்குக் கும்பிடத் தோன்றியது.

இப்போது கருங்காலி விஷயம். இதைச் சொல்லத்தான் இவ்வளவு தூரம் வந்தேன்.

கிரீன் சகோதரர்களின் மேசை நாற்காலிகளில் மூட்டுக்கு மூட்டு சின்னச் சதுரமாகக் கறுப்புத் துண்டுகள் இருக்கும். இப்போது ஊரில் மாலையாகப் போட்டுக்கொள்கிறார்களே, அந்தக் கருங்காலி வகை மரம்தான். எல்லாம் ஒரே அளவு கிடையாது, ஒன்று பெரிது, ஒன்று சிறிது, அதன் மேல்பரப்பும் தலையணை மாதிரி லேசாக உப்பியிருக்கும். பார்த்தால் மர ஆணி என்றுதான் நினைப்போம். ஆனால் பல இடங்களில் அதற்குக் கீழே இருப்பது உலோகத் திருகாணி, கருங்காலி அதன் மூடி. அப்படியென்றால் இது ஏமாற்றுதானே, நேர்மை பேசுகிற இயக்கத்தில் இது எப்படிச் சரி என்று எனக்குக் கேள்வி இருந்தது.

பதில் மரத்தின் குணத்தில் இருக்கிறது. எவ்வளவு காய்ந்த பலகையாக இருந்தாலும் காற்றில் ஈரம் ஏறினால் விரியும், இறங்கினால் சுருங்கும். அதுவும் அகலத்தில்தான், நீளத்தில் அனேகமாக இல்லவே இல்லை. ஒரு மேசைப் பலகையின் இரண்டு முனையிலும், பலகை வளையாமல் இருக்கக் குறுக்கே ஒரு சட்டம் போடுவார்கள். சட்டத்தின் நீளம் மாறாது, பலகையின் அகலம் வருடம் முழுக்க மாறிக்கொண்டே இருக்கும். இரண்டையும் பசை போட்டு இறுக்கிவிட்டால் பலகை விரிசல் விடுவதைத் தவிர அதற்கு வேறு வழி இல்லை. இவர்கள் என்ன செய்தார்கள் என்றால், சட்டத்தில் திருகாணிக்குப் போட்ட துளையை வட்டமாகப் போடாமல் நீளமாகப் போட்டார்கள். திருகாணி உள்ளே இப்படியும் அப்படியும் நகரலாம், பலகை தன் போக்கில் மூச்சு விடலாம். நீளத் துளை வெளியே அசிங்கமாகத் தெரியும் என்பதால் அதன் மேல் கருங்காலித் துண்டு. சட்டமும் பலகையும் சேர்கிற ஓரத்தில் இன்னொரு கருங்காலிப் பட்டையைச் செருகியிருப்பார்கள், நகர்வைக் காட்டிக்கொடுக்காமல் அது இரண்டுக்கும் பாலமாக நிற்கும்.

ஆக, அந்தக் கறுப்புச் சதுரம் இருக்கிற இடத்தில் கீழே நிஜமாகவே ஒரு வேலை நடக்கிறது. இங்கே ஒரு மூட்டு இருக்கிறது, இது அசையும் மூட்டு என்று அது சொல்கிறது. எனக்கு இது போதும். எல்லாவற்றையும் திறந்துபோட்டுக் காட்டுவதுதான் நேர்மை என்றால் கடிகாரத்துக்கு முகப்பே வைக்க முடியாது.

இதற்கு நேர் எதிரானதை நான் காசு கொடுத்து வாங்கியிருக்கிறேன். கடை பெயர் வேண்டாம். 'மிஷன் ஸ்டைல்' (ஆர்ட்ஸ் அண்ட் கிராஃப்ட்ஸ் பாணி மேசை நாற்காலிகளுக்கு அமெரிக்காவில் வழங்குகிற பெயர்) என்று அட்டை தொங்கவிட்ட ஒரு பக்கமேசை, மூலைக்கு மூலை அழகாகக் கறுப்புச் சதுரங்கள், கால் வழியாக நாக்கு, அதாவது துளையில் செருகுகிற மரமுனை, வெளியே வந்து நிற்கிற மாதிரி முனைகள். ஒரு கோடை தாண்டினதும் ஒரு சதுரம் உதிர்ந்து விழுந்தது. கீழே துளையும் இல்லை, ஆணியும் இல்லை, மரத்தூளை அழுத்திச் செய்த பலகையின் மேல் மெல்லிய மரத்தோல், அதன் மேல் பசைப்பொட்டு. வெளியே வந்து நின்ற நாக்கும் அப்படித்தான், தனியாக ஒட்டின முளை. 100 வருடத்துக்கும் வெகு முன்னால் எதை எதிர்த்து இந்த இயக்கம் கிளம்பியதோ, அதையே இந்த இயக்கத்தின் பெயரில் விற்கிறார்கள். கோபம்தான் வந்தது. நீங்கள் இந்த மாதிரி வாங்கப் போனால் இழுப்பறையை வெளியே எடுத்து உள்பக்கத்தைப் பாருங்கள், மேசையைத் தலைகீழாகக் கவிழ்த்துக் காட்டச் சொல்லுங்கள். நல்ல வேலை செய்தவர் தயங்க மாட்டார்.

வீட்டுக்குத் திரும்புவோம். முன்கூடத்துத் தேக்குச் சுவர்ப் பலகைகளில் ஒன்று உண்மையில் கதவு. வழிகாட்டி தள்ளிக் காட்டும் வரை தெரியாது, சமையல்கட்டுப் பக்கம் போகிற வழி. இதை எல்லோரும் ரசித்தார்கள், எனக்கு மட்டும் கொஞ்சம் உறுத்தியது. கருங்காலி மூடி மரத்தின் வசதிக்காக இருக்கிறது, இந்த மறைவுக்கதவு முதலாளி கண்ணில் வேலைக்காரர்கள் படாமல் இருப்பதற்காக இருக்கிறது. வேலை சுத்தமான வேலைதான், பொருத்தம் அற்புதம், ஆனால் அந்தக் கதவு அந்தக் காலத்துப் பணக்கார வீட்டுப் பழக்கத்தைக் காட்டுகிறது, கைவினையின் நேர்மையை அல்ல. அப்புறம் சமையல்கட்டுக்குள் போனதும் மனசு கொஞ்சம் சமாதானமாகிவிட்டது. அங்கே தேக்கு இல்லை, வெளிறின மேப்பிள் மரம், வெள்ளை ஓடு பதித்த சுவர். வேலைக்காரர்கள் மட்டும் புழங்குகிற இடம்தானே என்று எதையும் தள்ளிவிடவில்லை. அலமாரி ஓரம் இங்கேயும் அதே மாதிரி உருட்டி, மூட்டும் அதே அக்கறையோடு பூட்டியிருக்கிறது. விருந்தாளி பார்க்காத இடத்தில் வேலை எப்படி இருக்கிறது என்று பார்த்துத்தான் ஒரு தச்சரை எடைபோட வேண்டும் என்று நான் நம்புகிறேன்.

வரவேற்பறையில் கணப்பை ஒட்டி ஒரு சின்ன ஒதுக்கு, இரண்டு பக்கமும் பெஞ்சு. விளக்குகள் மரச்சட்டம் போட்ட கண்ணாடிக் கூடுகள், தோல் வாரில் தொங்குகின்றன. அந்த வார் எங்கே கட்டியிருக்கிறது, எடையை எது தாங்குகிறது என்று கீழே நின்றே கண்ணால் பின்தொடரலாம். சுவர் உச்சியில் ஓடுகிற ரெட்வுட் பட்டையில் மரங்களும் பறவைகளும் மேலோட்டமாகச் செதுக்கியிருக்கிறார்கள். ரெட்வுட் மெத்தென்ற மரம், ஆழமாகச் செதுக்கினால் உதிரும், அதனால் வரியையே மேகமாகவும் மலைச்சரிவாகவும் பயன்படுத்திக்கொண்டு அவசியமான இடத்தில் மட்டும் உளி வைத்திருக்கிறார்கள். சாப்பாட்டு அறையில் மரம் மாறுகிறது, சிவந்த மஹாகனி. மாடியில் வாசனையான செடார். எந்த அறைக்கு எந்த மரம் என்று யோசித்து யோசித்துப் போட்டிருக்கிறார்கள். மாடியில் தூங்குவதற்கென்றே திறந்த தாழ்வாரங்கள் இருக்கின்றன, உச்சி மாடத்தில் சுற்றிலும் சன்னல், வீட்டுச் சூடு மேலே ஏறி வெளியேறிவிடும். நீண்ட கூரை வெயிலைச் சுவருக்கே வரவிடுவதில்லை. நம் ஊர் வெயிலில் வளர்ந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

அந்தத் தேக்கு எங்கிருந்து வந்தது? பர்மாவிலிருந்து. இதைக் கேட்டதும் எனக்குச் செட்டிநாடு ஞாபகம் வராமல் இருக்குமா? கிட்டத்தட்ட அதே வருடங்களில் அதே பர்மாத் தேக்கு கப்பலேறி வந்து காரைக்குடி, கானாடுகாத்தான் பக்கத்து வீடுகளில் வளவுத் தூண்களாகவும் நிலைக்கதவுகளாகவும் நின்றது. பர்மாவில் தேக்கை உடனே வெட்டமாட்டார்கள். அடிமரத்தைச் சுற்றிப் பட்டையையும் வெளிமரத்தையும் வளையமாகச் சீவிவிட்டு, நின்றபடியே இரண்டு மூன்று வருடம் காயவிடுவார்கள், பச்சைத் தேக்கு தண்ணீரில் மிதக்காது என்பதால். காய்ந்த பிறகு வெட்டி, யானைகள் இழுத்து, ஆற்றில் மிதக்கவிட்டு ரங்கூன், மோல்மீன் துறைமுகங்களுக்கு வரும். செட்டிநாட்டில் அந்த மரத்தை முழுத்தூணாக நிறுத்தி, நிலையில் இடம் விடாமல் செதுக்கினார்கள், பசடேனாவில் செதுக்காமல் இழைத்து, ஓரம் உருட்டி, மூட்டை மட்டும் காட்டினார்கள். இரண்டும் உசத்தியான வேலைதான். ஆனால் இந்த வீட்டில் ஒரு சாவிப்பூட்டுத் தகடு கூட இடம் மாறாமல் காப்பாற்றியிருப்பதைப் பார்க்கும்போது, காரைக்குடிப் பழம்பொருள் கடைகளில் ஒரு வீட்டின் தூண் ஒரு பக்கமும் கதவு ஒரு பக்கமுமாக விலைக்குச் சாத்திவைத்திருப்பது நினைவுக்கு வந்து நெஞ்சை அடைத்தது.

இங்கேயும் தப்பித்தது மயிரிழையில்தான். 1940-களில் குடும்பத்தின் அடுத்த தலைமுறை வீட்டை விற்க நினைத்ததாம். பார்க்க வந்தவர்கள் உள்ளே இருக்கிற மரத்துக்கெல்லாம் வெள்ளைப் பெயிண்ட் அடித்துவிடலாம் என்று பேசிக்கொண்டது காதில் விழுந்து, விற்கிற யோசனையையே கைவிட்டுவிட்டார்கள் என்று ஒரு கதை இந்த வீட்டைப் பற்றிப் பேசும் எல்லோரும் சொல்கிறார்கள். 1966-ல் பசடேனா நகருக்கே எழுதிக் கொடுத்துவிட்டார்கள், தெற்குக் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் கட்டடக்கலைப் பள்ளியும் அதில் கூட்டு. அந்தப் பள்ளி மாணவர்கள் இருவரை இதே வீட்டில் தங்கவைக்கும் வழக்கமும் இருந்தது. கொடுத்துவைத்தவர்கள்! அதே பசடேனாவில் கிரீன் சகோதரர்கள் வடிவமைத்த பிளாக்கர் ஹவுஸுக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை. 1985-ல் அதை வாங்கியவர் விளக்குகளையும் கண்ணாடிகளையும் கழற்றி விற்றுவிட்டார். ஊரே கொதித்துப்போய், அப்படிக் கழற்றுவதைத் தடுக்க நகராட்சி சட்டம் போட வேண்டியதாயிற்று.

குறையே இல்லையா என்றால், வடிவமைப்பில் ஒன்று இருக்கிறது, அதைப் புகழ்ச்சியில் மூடிவிடக் கூடாது. கூரையின் கைமரங்களை ஓரத்தோடு நறுக்காமல், கூரை முடிந்த பிறகும் வெளியே நீட்டி, நுனியை உருட்டி விட்டிருக்கிறார்கள். வெயில் சாயும்போது அந்த நிழல் சுவரில் விழுவது கண்ணுக்கு விருந்து. ஆனால் மேலே மூடி இல்லாத மரத்தின் வெட்டுமுனை தண்ணீரை உறிஞ்சத்தானே செய்யும். வருடக்கணக்கில் மழையும் வெயிலும் பட்டு நுனிகள் இற்றுப்போக, 2004-ல் முடிந்த பெரிய பழுதுபார்ப்பில் அவற்றைச் சரிபண்ண நிறையப் பாடுபட வேண்டியிருந்தது. உள்ளே மேசைப் பலகை மூச்சு விட இவ்வளவு யோசித்தவர்கள் வெளியே கைமர நுனியை மழையில் விட்டது எனக்கு இன்னமும் ஒப்பவில்லை. அழகு ஜெயித்துவிட்டது. ஆனால் வெளித் தூண் உத்திரங்களை இரும்புப் பட்டை போட்டு, ஆப்பு அடித்து இறுக்கியிருப்பதையும் பாருங்கள். மரம் சுருங்கினால் ஆப்பை இன்னொரு தட்டு தட்டினால் போதும், அது அருமையான யோசனை.

இன்னொரு கேள்வியும் வரும், வர வேண்டும். சோப் தொழிற்சாலைப் பணத்தில், ஒரு குடும்பம் குளிர்காலத்துக்கு மட்டும் வந்து இருப்பதற்கு இப்படி ஒரு வீடா என்று. நியாயமான கேள்வி. நல்ல பொருள் எல்லோருக்கும் கிடைக்க வேண்டும் என்று பேசிய மாரிஸின் பொருள்களையே பணக்காரர்கள்தான் வாங்கினார்கள், அந்த முரண்பாடு இந்த இயக்கத்தோடு கூடவே பிறந்தது. ஆனால் அதே பசடேனாவில் பங்களா ஹெவன் என்று ஒரு பேட்டை இருக்கிறது, 20-ஆம் நூற்றாண்டின் ஆரம்பத்தில் சாதாரணச் சம்பளக்காரர்களுக்காகக் கட்டின சின்னச் சின்ன மர வீடுகள். அங்கே கருங்காலி கிடையாது, பர்மாத் தேக்கு கிடையாது. ஆற்றுக்கல் தூண், தெரிகிற கைமரம், உள்ளே கட்டிவைத்த அலமாரி, முன்னால் உட்கார ஒரு திண்ணை. கேம்பிள் ஹவுஸ் பார்த்த கையோடு அந்தத் தெருக்களில் நடந்து பாருங்கள், காசும் இல்லை. யோசனை எவ்வளவு தூரம் இறங்கி வந்தது என்று தெரியும்.

சுற்றைப் பற்றி: வழிகாட்டிகள் தன்னார்வலர்கள், பயிற்சி எடுத்தவர்கள், பிரியத்தோடு பேசுகிறார்கள். எங்களுக்கு வந்த அம்மா கேட்ட கேள்விக்கெல்லாம் நின்று பதில் சொன்னார், மூட்டு எங்கே என்று கேட்டால் முகம் மலர்ந்துவிடுகிறது. எதையும் தொடக்கூடாது, மரவேலை தெரிந்தவர்களுக்கு அது பெரிய சோதனை, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்க வேண்டியதுதான். மாடி ஏறி இறங்க வேண்டும், முட்டிவலி இருக்கிற பெரியவர்களைக் கூட்டிப் போகிறவர்கள் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். சின்னப் பிள்ளைகளுக்கு ஒரு மணி நேரம் அதிகம். எனக்கோ அது ரொம்பக் குறைவு. மர இணைப்புகளையும் நுணுக்கங்களையும் மட்டும் பார்க்கவென்று நீண்ட தனிச் சுற்றும் அவ்வப்போது நடத்துகிறார்கள், தேதி பார்த்து அதைப் பிடிக்க முடிந்தால் யோசிக்காமல் பிடியுங்கள். புத்தகக் கடை பழைய கார் நிறுத்தும் கொட்டகையில் இருக்கிறது, வீட்டின் அளவுப்படங்கள் இருக்கிற புத்தகம் ஏதாவது கிடைத்தால் வாங்குங்கள், படமாகப் பார்த்த பிறகு அந்த மூட்டுகள் இன்னும் தெளிவாகப் புரிகின்றன.

நேரம் மிச்சம் இருந்தால், வெளியே வந்ததும் அரோயோ டெரஸ் தெருவில் நடங்கள், கிரீன் சகோதரர்களின் வீடுகள் அங்கே வரிசையாக இருக்கின்றன, சார்லஸ் தனக்குக் கட்டிக்கொண்டதும் அதில் ஒன்று. ஆட்கள் குடியிருக்கிற வீடுகள், அதனால் தெருவில் நின்று பார்ப்பதோடு சரி. மறுநாள் பக்கத்து சான் மரினோவில் ஹண்டிங்டன் நூலகத்துக்குப் போனால், அங்கே இவர்களின் மேசை நாற்காலிகளுக்கென்றே நிரந்தரக் காட்சி ஒன்று இருக்கிறது. வழிகாட்டி அவசரப்படுத்த மாட்டார், கூட்டம் நகரச் சொல்லாது. ஒரு மேசையின் முனைச் சட்டத்துக்குப் பக்கத்தில் குனிந்து நின்று, கருங்காலிப் பட்டை எங்கே நிற்கிறது, பலகை ஓரம் எங்கே நிற்கிறது என்று பாருங்கள். 100 வருடத்துக்கு மேல் அசைந்துகொண்டிருக்கிற பலகை, விரிசலைத் தேடிப் பார்த்தேன், என் கண்ணுக்கு ஒன்றும் படவில்லை.